கேட்கத் தெரிந்தவர்

கேள்வி கேட்பது சுலபம், பதில் சொல்வதுதான் கஷ்டம் என்று வெகுகாலம் எண்ணிக்கொண்டிருந்தேன். கதை எழுதுகிறவனுக்கு இப்படி ஓர் எண்ணம் உண்டாவது சகஜம். நாவலில் கேட்பவனும் நான்தான். பதில் சொல்பவனும் நான்தான். என் பாத்திரங்கள் கோபித்துக்கொண்டு நடுவில் எழுந்து போவதில்லை. கேட்டதை விட்டுவிட்டு வேறு எதையோ சொல்லி நேரத்தைக் கடத்துவதும் இல்லை.

பிறகு ஒரு சமயம், ஒரு மாதப் பத்திரிகைக்காக ஒரு மந்திரியைப் பேட்டி காணப் போனேன். கேள்விகளை முன்கூட்டியே டைப் அடித்து அனுப்பச் சொல்லியிருந்தார்கள். ஏழு கேள்விகள் அனுப்பினேன். நேரில் போனபோது மந்திரியின் காரியதரிசி அந்தத் தாளைத் திருப்பிக் கொடுத்தார். மூன்று கேள்விகளின் மேல் நீலப் பென்சில் கோடு. ஸ்கேல் வைத்து, மிக மரியாதையாகத்தான் போட்டிருந்தார். மீதி நாலையும் கேட்டேன். மந்திரி நன்றாகப் பேசினார். நல்ல காபி கொடுத்தார்கள். பேட்டி அச்சாயிற்று, சிலர் பாராட்டவும் செய்தார்கள். ஆனாலும் அந்தத் தாளை நான் கிழித்துப் போடவில்லை. இன்னும் என் மேஜை டிராயரில் இருக்கிறது. எப்போதாவது வேறு எதையோ தேடும்போது கையில் தட்டுப்படும். உடனே டிராயரை மூடிவிடுவேன்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், சமீபத்தில் பழைய பிரிட்டிஷ் டெலிவிஷன் பேட்டிகள் சிலவற்றைப் பார்த்தேன். இந்தக் காலத்தில் அவையெல்லாம் வீட்டில் உட்கார்ந்தபடியே பார்க்கக் கிடைக்கின்றன. அவற்றில் ஒரு மனுஷர் திரும்பத் திரும்ப வந்தார். கனத்த கறுப்புச் சட்டம் போட்ட மூக்குக் கண்ணாடி. கழுத்தில் பட்டாம்பூச்சி உட்கார்ந்தாற்போலப் புள்ளி போட்ட ஒரு 'போ' டை. நெற்றியில் எப்போதும் ஒரு சுருக்கம். அவர் பெயர் ராபின் டே. அவர் கையிலும் ஒரு தாள் இருந்தது. அதில் யாரும் கோடு போடவில்லை. அந்தத் தாள் எப்படிக் கோடு படாமல் தப்பியது என்று தேடிக்கொண்டு போனேன். அந்தத் தேடல் ஒரு சரித்திரத்தில் கொண்டுபோய் விட்டது.

1923-ல் லண்டனில் பிறந்தவர் டே. தகப்பனார் தபால் இலாகாவில் டெலிபோன் என்ஜினீயர். பையன் யுத்த காலத்தில் பீரங்கிப் படையில் சேவை செய்துவிட்டு, ஆக்ஸ்போர்டில் சட்டம் படித்தார். அங்கே மாணவர் விவாத சங்கமான யூனியனுக்கு 1950-ல் தலைவராக இருந்தார். பிற்காலத்து மந்திரிகள் பலர் நாக்கைத் தீட்டிக்கொண்ட இடம் அது. 1952-ல் பாரிஸ்டர் ஆனார். ஆனால் வக்கீல் தொழில் பிடிபடவில்லை. வாஷிங்டனில் பிரிட்டிஷ் சர்க்காரின் தகவல் நிலையத்தில் கொஞ்ச காலம், பி.பி.ஸி. ரேடியோவில் கொஞ்ச காலம். முப்பது வயது தாண்டியும் இன்ன உத்தியோகம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. நம் ஊராக இருந்தால் பெண் கொடுக்க யோசித்திருப்பார்கள்.

1955-ல் அந்த நாட்டு டெலிவிஷன் எந்த லட்சணத்தில் இருந்தது என்பதை வாசகர்கள் தெரிந்துகொள்வது நல்லது. அதுவரை பி.பி.ஸி. ஒன்றுதான். அதில் செய்தி வாசிக்கிறவரின் முகமே திரையில் தெரியாது. முகம் தெரிந்தால், ஒரு புருவ நெரிப்பிலோ உதட்டுச் சுழிப்பிலோ சொந்த அபிப்பிராயம் வெளிப்பட்டுவிடுமாம்! அந்த வருஷம் செப்டம்பரில்தான் முதல்முதலாக முகத்தைக் காட்டினார்கள். அப்போதும் பெயர் சொல்லவில்லை.

இதைவிட வேடிக்கை 'பதினாலு நாள் விதி' என்று ஒன்று இருந்தது. அடுத்த பதினாலு நாளில் பார்லிமெண்டில் விவாதத்துக்கு வரப்போகும் எந்த விஷயத்தையும் ரேடியோவிலும் டெலிவிஷனிலும் விவாதிக்கக் கூடாது. யுத்த காலத்தில் பி.பி.ஸி. தானாகவே போட்டுக்கொண்ட கட்டுப்பாடு இது. பிற்பாடு அதற்கே அது சுமையாகிவிட, 1955-ல் சர்க்கார் உத்தரவாகவே போட்டுக் கட்டிவிட்டது. இந்த யந்திரங்கள் பார்லிமெண்டை முந்திக்கொண்டு பேசுவது அக்கிரமம் என்பது சர்ச்சிலின் கட்சி. கேட்கும்போது சிரிப்பு வருகிறது. ஆனால் முழுதும் சிரித்துத் தள்ளிவிட முடியாத வாதம் அது. அதற்குப் பிறகு வருகிறேன். ஊரெல்லாம் பேசும் விஷயத்தை ரேடியோ மட்டும் பேசக்கூடாது என்பது எத்தனை நாள் செல்லும்? 1956-ல் சூயஸ் சண்டை வந்தது. நாடே இரண்டுபட்டு நின்றது. அந்த வருஷக் கடைசியில் விதியை நிறுத்தி வைத்தார்கள். மறு வருஷம் அது போயே போய்விட்டது.

அந்த நாளில் அரசியல்வாதிகளைப் பேட்டி காண்பது என்பது பெரும்பாலும் விமான நிலையத்தில் மைக்கை நீட்டி, "ஐயா எங்களுக்கு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?" என்று கேட்பதுதான். ஐயா விரும்பினால் சொல்வார். விரும்பாவிட்டால் தொப்பியைத் தொட்டுவிட்டுக் காரில் ஏறிப் போவார்.

1955 செப்டம்பர் 22-ந் தேதி வியாபார டெலிவிஷன் ஆரம்பமாயிற்று. நம் சென்னைக்கு டெலிவிஷன் வருவதற்குச் சுமார் இருபது வருஷம் முன்பு. அதற்குச் செய்தி தருவதற்கென்று அமைந்த ஐ.டி.என். என்ற ஸ்தாபனம் புது ஆட்களைத் தேடியது. இரண்டு பேர் அகப்பட்டார்கள். ஒருவர் கிறிஸ்டபர் சாட்டவே. முந்தின வருஷம் ரோஜர் பானிஸ்டர் ஒரு மைல் தூரத்தை நாலு நிமிஷத்துக்குள் ஓடினாரே, அப்போது அவருக்கு முன்னும் பின்னும் ஓடிக் கைகொடுத்த ஓட்டக்காரர், பார்க்க லட்சணமானவர். இன்னொருவர் நம் கேஸில்லாத பாரிஸ்டர். லட்சணம் என்று சொல்ல முடியாது. முகத்தில் எப்போதும் யாரையோ சந்தேகப்படுகிற பாவம். ஆனால் இவர்களுக்கு முகமும் உண்டு, பெயரும் உண்டு; வாசிக்கிற செய்தியை எழுதுவதிலும் பங்கு உண்டு. அதுவே பெரிய மாறுதல்.

வக்கீல் தொழிலில் பயன்படாத வித்தை இங்கே பயன்பட்டது. சாட்சியைக் கூண்டில் ஏற்றிக் கேட்கிற பழக்கம் இருக்கிறதல்லவா? கேள்வி குட்டையாக இருக்கவேண்டும். ஒரு கேள்வியில் ஒரு விஷயந்தான் இருக்கவேண்டும். பதில் வராவிட்டால் அதே கேள்வியை, குரலை உயர்த்தாமல், இன்னொரு தரம் கேட்கவேண்டும். டே புதிதாக ஒன்றும் கண்டுபிடித்துவிடவில்லை. கோர்ட்டில் தினமும் நடக்கிறதை ஹாலில் கொண்டுவந்து வைத்தார், அவ்வளவுதான்.

1957-ல் அவரைக் கெய்ரோவுக்கு அனுப்பினார்கள். சூயஸ் சண்டை ஓய்ந்து ஒரு வருஷங்கூட ஆகவில்லை. பிரிட்டனுக்கும் எகிப்துக்கும் ராஜீய உறவே அறுந்து கிடந்தது. பிரிட்டிஷ் பிரதம மந்திரியாக இருந்த ஈடன், எகிப்தின் தலைவர் நாஸரை முஸோலினியோடு ஒப்பிட்டுப் பேசியவர். அந்தச் சண்டையே அவர் பதவியைத் தின்றுவிட்டது. அப்படிப்பட்ட சமயத்தில், ஸ்தானீகர் போகமுடியாத இடத்துக்கு ஒரு டெலிவிஷன்காரர் போய், நாஸருக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். இஸ்ரேல் என்ற சுதந்திர நாடு நிரந்தரமாக இருப்பதை நீங்கள் ஒப்புக்கொள்கிறீர்களா என்று நேருக்கு நேர் கேட்டார். நீங்களாக ஒரு முடிவுக்குத் தாவுகிறீர்கள் என்றார் நாஸர். இல்லை, நான் ஒரு கேள்வி கேட்கிறேன் என்றார் டே.

அந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டு இரண்டாந்தரம் பார்த்தேன். அவர் குரலில் சவால் இல்லை, பயமும் இல்லை. பால்காரரிடம் கணக்குக் கேட்கிற குரல்.

அடுத்த வருஷம், 1958 பிப்ரவரி 23-ந் தேதி, அதே குரலைத் தம் நாட்டுப் பிரதம மந்திரியிடம் உபயோகித்தார். ஹெரால்ட் மாக்மில்லன் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐ.டி.என்.னில் பேட்டிக்கு வந்தார். வெளிநாட்டு மந்திரி ஸெல்வின் லாயிடைப் பற்றிச் சொந்தக் கட்சிப் பத்திரிகைகளே முணுமுணுத்துக்கொண்டிருந்த சமயம். நாடு முழுவதும் வீடுகளில் பார்த்துக்கொண்டிருக்க, அந்த விமரிசனத்தைப் பற்றி நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று டே கேட்டுவிட்டார்.

கேள்வியில் ஒரு கெட்ட வார்த்தை இல்லை. ஆனால் அதில் இருக்கிற பொறியைப் பாருங்கள். 'அவர் சரியில்லை' என்று பிரதம மந்திரி சொல்லமுடியுமா? முடியாது. 'அவர் நல்ல மந்திரி' என்று சொல்லிவிட்டால், நாளைக்கு அவரை நீக்க நினைத்தாலும் சுலபத்தில் நீக்க முடியாது. மாக்மில்லன் பழுத்த மனுஷர், திணறவில்லை. லாயிட் நல்ல வெளிநாட்டு மந்திரி என்றும், நெருக்குதலுக்காக ஆளை மாற்றுவது விசுவாசத்தைப் பற்றித் தமக்குள்ள எண்ணத்துக்கு ஒவ்வாது என்றும் நிதானமாகச் சொன்னார். மறுநாள் பத்திரிகைகளில் ஒரே அமளி. பொதுமக்கள் முன்னிலையில் ஒரு பிரதம மந்திரி இப்படிக் குறுக்கு விசாரணைக்கு உட்பட்டதே இல்லை என்றார்கள். டெலிவிஷனுக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்றும் எழுதினார்கள். இங்கே ஒன்று கவனிக்கவேண்டும். கோபப்பட்டவர்களில் பத்திரிகைக்காரர்களே அதிகம். மாக்மில்லனுக்கோ, இந்தச் சின்னப் பெட்டியில் தாம் நன்றாகவே தோன்றுகிறோம் என்று தெரிந்துவிட்டது. கேள்வி கேட்டவருக்கு வந்த புகழில் பாதி, பதில் சொன்னவருக்கும் போய்ச் சேர்ந்தது.

அந்த விசுவாசம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். லாயிட் வெளிநாட்டு மந்திரியாக 1960 வரை இருந்தார். பிறகு நிதி மந்திரியானார். 1962 ஜூலை 13-ந் தேதி மாக்மில்லன் மந்திரி சபையில் ஏழு பேரை ஒரே வீச்சில் வெளியே அனுப்பினார். அதில் முதல் தலை ஸெல்வின் லாயிடுடையது. அன்று டெலிவிஷனில் நிதானமாகச் சொன்ன பதிலை எத்தனை பேர் நினைத்துப் பார்த்திருப்பார்களோ!

டேயின் மனசில் வேறு ஓர் ஆசை இருந்தது. அவர் கேட்க விரும்பிய இடம் ஸ்டூடியோ அல்ல, காமன்ஸ் சபை. 1959 அக்டோபர்த் தேர்தலில் ஹியர்போர்ட் தொகுதியில் லிபரல் கட்சி அபேட்சகராக நின்றார். தோற்றுப்போனார். அதே தேர்தலில் அவருடைய பழைய சகா, அந்த ஓட்டக்காரர் சாட்டவே, கன்ஸர்வேடிவாக நின்று ஜெயித்துப் பார்லிமெண்டுக்குள் போனார். பின்னால் மந்திரியாகவும் ஆனார். ஒரே வாசலில் சேர்ந்து நுழைந்த இருவரில் ஒருவர் பதில் சொல்லும் பக்கம் போனார். ஒருவர் கேட்கும் பக்கமே நின்றுவிட்டார். நாவலாசிரியன் இப்படி எழுதியிருந்தால் செயற்கை என்பீர்கள்.

தோற்றவரைப் பி.பி.ஸி. எடுத்துக்கொண்டது. 'பனோரமா' என்ற வாராந்தர நிகழ்ச்சி. 1961-ல் டெலிவிஷனைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதில் பேட்டி காண்பவனுக்கென்று சில நெறிகள் வகுத்துச் சொல்கிறார். சொந்த வெறுப்பு விருப்பை ஒதுக்கிவைக்கவேண்டும். எதிரே இருப்பவர் பெரிய மனுஷர் என்பதற்காக நடுங்கக்கூடாது. சங்கடமான விஷயங்களை நழுவவிட்டுப் பேட்டியின் நாணயத்தைக் கெடுக்கக்கூடாது. கேள்விகளை முன்கூட்டியே கொடுக்கக்கூடாது. எந்த விஷயத்தைப் பற்றி என்று மட்டும் சொல்லலாம். (நீலப் பென்சில் ஞாபகம் வந்தது எனக்கு.) கடைசியாக ஒன்று: பேட்டி காண்பவன் தர்க்கம் செய்ய வந்தவன் அல்ல, வழக்குத் தொடுக்க வந்தவன் அல்ல, மதவிசாரணை நடத்த வந்தவனும் அல்ல, பார்ப்பவர்களுக்காகத் தகவல் தெரிந்துகொள்ள வந்த பத்திரிகைக்காரன்.

அந்தக் கடைசி நெறியை வாசகர்கள் கொஞ்சம் மனசில் வைத்துக்கொள்ளவேண்டும்.

பிறகு வந்த இருபது வருஷத்தை வேகமாகத் தாண்டிவிடலாம். பிரதம மந்திரிகள் வந்தார்கள், போனார்கள், டே இருந்தார். 1970-ல் ரேடியோவில், சாமானிய ஜனங்களே டெலிபோனில் அரசியல்வாதிகளைக் கேள்வி கேட்கும் நிகழ்ச்சியை நடத்தினார். 1979 செப்டம்பரில் 'கொஸ்டின் டைம்' ஆரம்பமாயிற்று. மேஜைக்குப் பின்னால் நாலு பேர், எதிரே பொதுஜனங்கள், நடுவில் இவர். முதல் நாள் மேஜையில் இரண்டு அரசியல்வாதிகளோடு ஓர் ஆர்ச்பிஷப்பும், எட்னா ஓப்ரையன் என்ற நாவலாசிரியையும் உட்கார்ந்திருந்தார்கள் என்பதில் எங்கள் ஜாதிக்குக் கொஞ்சம் பெருமை. பத்து வருஷம் அதை நடத்தினார். 1981-ல் ஸர் பட்டம் வந்தது.

1982 அக்டோபரில்தான் அந்தச் சம்பவம் நடந்தது. பாக்லாந்துத் தீவு யுத்தம் முடிந்து சில மாதங்கள். பாதுகாப்பு மந்திரி ஜான் நாட். யுத்தத்துக்கு முந்தின வருஷம் கடற்படையைக் குறைக்கத் திட்டம் போட்டவர் அவர்தான். பிறகு அதே கடற்படைதான் எட்டாயிரம் மைல் போய்த் தீவுகளை மீட்க வேண்டியிருந்தது. அடுத்த தேர்தலில் நிற்கப்போவதில்லை என்றும் அவர் அறிவித்திருந்தார். கட்சி மகாநாட்டுச் சமயத்தில் பேட்டி. கடற்படையின் எதிர்காலத்தைப் பற்றி அநேக வருஷம் சேவை செய்த மூத்த அதிகாரி ஒருவர் ஒன்று சொல்ல, மந்திரி வேறு சொல்ல, இதில் இன்றிருந்து நாளை போய்விடும் அரசியல்வாதியான உங்களை ஜனங்கள் ஏன் நம்பவேண்டும் என்று கேட்டார் டே.

நாட் எழுந்தார். இந்தப் பேட்டி எனக்கு அலுத்துவிட்டது, அபத்தம் என்று சொல்லிக்கொண்டே சட்டையில் மாட்டியிருந்த மைக்கைக் கழற்றி வைத்துவிட்டு நடந்தார். டே அவர் முதுகைப் பார்த்து வந்தனம் சொன்னார்.

இதைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் குறைவு. நானும் சிரித்தேன். ஆனால் மூன்றாந்தரம் பார்த்தபோது சிரிப்பு வரவில்லை. கடற்படையைப் பற்றிய கேள்வி நியாயமானது. கேட்கவேண்டிய கேள்வி. ஆனால் 'இன்றிருந்து நாளை போய்விடும்' என்ற அந்த அடைமொழி தகவல் தெரிந்துகொள்வதற்கா? அதில் ஒரு குத்தல் இருக்கிறது. தேர்தலில் ஜெயித்து உள்ளே போனவர்களையெல்லாம் கால் நூற்றாண்டாக வெளியே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த ஒருவருடைய குத்தல் அது என்று எனக்குத் தோன்றுகிறது. நாவலாசிரியனின் ஊகம், தவறாகவும் இருக்கலாம். இன்னொன்றும் உண்டு. மந்திரி எழுந்துபோனது பேச்சாயிற்று. கடற்படை என்ன ஆகும் என்ற கேள்வி, நாற்காலியிலேயே பதிலில்லாமல் தங்கிவிட்டது.

டேக்கும் உள்ளூர ஒரு சந்தேகம் வளர்ந்துகொண்டிருந்தது. அவர் கேட்கக் கற்ற அதே காலத்தில் மந்திரிகளும் கற்றுக்கொண்டிருந்தார்கள். கேட்ட கேள்வியைப் புன்சிரிப்போடு வாங்கி ஓரத்தில் வைத்துவிட்டு, தாங்கள் கொண்டுவந்த பதிலைச் சொல்லிவிட்டுப் போவார்கள். அதற்குப் பயிற்சி கொடுக்க ஆட்கள்கூட வந்துவிட்டார்கள். பேட்டியை அரசியல்வாதிகள் மேடையாக்கிக்கொண்டார்கள் என்று பிற்காலத்தில் டே வெளிப்படையாகவே குறைப்பட்டார். கோடு போட நீலப் பென்சில்கூடத் தேவைப்படவில்லை.

மந்திரிகளைக் கேட்பதற்கென்று நாடு ஏற்படுத்திய இடம் பார்லிமெண்ட். அங்கே நடப்பதை ஜனங்கள் பார்க்கட்டும் என்பது அவருடைய நெடுநாள் வாதம். 1963-லேயே இதற்காக ஒரு சிறு பிரசுரம் எழுதினார். பார்லிமெண்டை முந்தாதே என்றார் சர்ச்சில். அப்படியானால் என்னை உள்ளே விடு என்றார் டே. வேறு வேறு வாசல் வழியாக இரண்டு பேரும் ஒரே கூடத்துக்கு வந்துசேர்ந்தாற்போல் இருக்கிறது. 1966-ல் பரீட்சார்த்தமாகக் காமிராவை அனுமதிக்கலாமா என்று காமன்ஸ் சபை வோட்டெடுத்தது. அனுகூலமாக 130, எதிராக 131. ஒரே ஒரு வோட்டு! 1978-ல் குரலை மட்டும் வெளியே விட்டார்கள். 1985-ல் பிரபுக்கள் சபைக்குள் காமிரா போயிற்று. 1989 நவம்பர் 21-ந் தேதி கடைசியில் காமன்ஸுக்குள்ளும் நுழைந்தது.

அந்த 1989-ல்தான் டே 'கொஸ்டின் டைமை' விட்டு விலகினார். தம் சுயசரிதையையும் வெளியிட்டார். புத்தகத்துக்கு என்ன பெயர் வைத்தார் தெரியுமா? 'மகா மதவிசாரணைக்காரன்' என்று சொல்லலாம். பேட்டி காண்பவன் எதுவாக இருக்கக்கூடாது என்று 1961-ல் எழுதினாரோ, அதையே அட்டையில் போட்டுக்கொண்டார். ஊரார் அவருக்கு வைத்த பெயர் அது, விளையாட்டாகத்தான் எடுத்துக்கொண்டிருப்பார். இருந்தாலும் அந்த இரண்டு புத்தகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, நடுவிலே போன இருபத்தெட்டு வருஷம் கண்ணில் தெரிகிறது.

2000 ஆகஸ்டு 6-ந் தேதி ராபின் டே காலமானார். வயது எழுபத்தாறு. அதற்கு இரண்டு வருஷம் கழித்து, 2002-ல், ஜான் நாட் தம் சுயசரிதையை எழுதி வெளியிட்டார். அதற்குத் தலைப்புத் தேட அவர் சிரமப்படவில்லை. 'இன்றிருந்து நாளை போய்விட்டவன்' என்று வைத்தார்.